லமலேரா: திமிங்கல வேட்டைக் கிராமமும் அதைச் சுற்றியுள்ள லெம்பாட்டாவும்

செந்தாமரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாணவர்களுக்காக ஒரு புவியியல் கையெழுத்து இதழ் நடத்தி வருகிறோம். ஒவ்வோர் இதழிலும் உலகின் ஏதாவதொரு சிற்றூரை எடுத்துக்கொண்டு, அந்த ஊரோடு அதைச் சூழ்ந்த நிலத்தையும் சேர்த்து அறிமுகம் செய்வது வழக்கம். அடுத்த இதழுக்கு, இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாநிலத்தில், லெம்பாட்டாத் தீவின் தென்கரையில் இருக்கும் லமலேராவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

இந்த ஊரைப் பற்றி எதைப் படித்தாலும், படகின் முனையிலிருந்து ஈட்டியோடு திமிங்கலத்தின் மேல் பாய்கிற மனிதனைத்தான் முதலில் காட்டுகிறார்கள். முடிக்கும்போதும் அவனையே காட்டி முடிக்கிறார்கள். அந்தப் பாய்ச்சல் எவ்வளவு வியப்பூட்டினாலும், ஓர் ஊரை மாணவருக்கு விளக்க அது போதாது. பயிர் விளையாத ஒரு பாறைச் சரிவில் ஏன் குடியேறினார்கள், வேட்டையில்லாத மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது, சுற்றியுள்ள ஊர்களுக்கும் இவர்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல், சட்டம் இந்த வேட்டையை எப்படிப் பார்க்கிறது ஆகியவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். அங்கே போய் வந்தவர்கள் எவரேனும் இங்கு இருப்பின், கண்ணால் கண்டதையும் எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

அருளப்பன்:

செந்தாமரை அம்மையார் அவர்களுக்கு வணக்கம். வணிகக் கப்பலில் இயந்திரப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாநிலத் தலைநகரான கூப்பாங் வழியாக லெம்பாட்டாவுக்குச் சென்று லமலேராவில் சில நாள் தங்கியிருக்கிறேன். கடலையும் கலத்தையும் பற்றி என்னால் சொல்ல முடியும். வீட்டையும் சந்தையையும் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள்.

ஊர் அமைந்திருக்கும் இடத்தை முதலில் மாணவருக்குப் புரிய வைக்க வேண்டும். லபலேகாங் என்னும் எரிமலையின் தெற்குச் சரிவு நேரே கடலில் இறங்குகிறது. அந்தச் சரிவில், மேலும் கீழுமாக இரண்டு பகுதிகளாக ஊர் தொற்றிக்கொண்டிருக்கிறது. நிர்வாகத்துக்கு அவை லமலேரா அ, லமலேரா ஆ என்று இரு தனிக் கிராமங்கள். கீழே ஒரு சிறு குடாவும், கருமணல் கரையும், கரையை ஒட்டி வரிசையாகக் கூரை வேய்ந்த படகுக் கொட்டகைகளும் உள்ளன. சமதரை என்று சொல்லத்தக்கது அந்தக் கரை மட்டுமே. சரிவில் மண் மெல்லியது, கல் மிகுந்தது. மழையோ டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்து ஓய்ந்துவிடும். லெம்பாட்டா முழுவதுமே வானம் பார்த்த பூமிதான் என்றாலும், லமலேராவில் வானம் பெய்தாலும் பயன் குறைவு.

நிலம் கொடுக்காததைக் கடல் கொடுக்கிறது. பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் பெரும் நீரோட்டம் இந்தத் தீவுகளுக்கு இடையிலான ஆழமான நீரிணைகள் வழியாகத்தான் செல்கிறது. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடற்தரை சட்டென்று இறங்கிவிடுவதால், ஆயிரம் மீட்டருக்கும் மேல் மூழ்கிக் கணவாய்களைத் தேடும் எண்ணெய்த் திமிங்கலம் ஊரின் கண்ணுக்கு எட்டும் தொலைவில் வந்து மூச்சு விடுகிறது. தென்கிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆழத்து நீர் மேலெழுந்து கடல் வளம் பெறும். மே மாதத்தில் தொடங்கும் அந்த வேட்டைப் பருவத்துக்கு லேஃபா என்று பெயர். அக்டோபர் வரை அது நீளும். மற்ற மாதங்களிலும் யாராவது திமிங்கலத்தின் மூச்சுத் தூவலைக் கண்டுவிட்டால் 'பலேயோ' என்று கூவுவார்கள். அந்தக் கூவல் மேட்டிலிருந்து கரைக்கு வாய் வாயாக இறங்கி வர, கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆடவர் கரைக்கு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

படகைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் ஊரின் அமைப்பே அதில் அடங்கியிருக்கிறது. தேனா என்று அவர்களும் பெலெடாங் என்று பிறரும் அழைக்கும் இந்தக் கலம் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுடையது. இரும்பாணி ஒன்றுகூட இல்லாமல், பலகையோடு பலகையை மர ஆணிகளால் இணைத்து, உட்சட்டங்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். பெரிய விலங்கு மோதும்போது இறுகிய கலம் பிளந்துவிடும். கட்டிய கலம் நெகிழ்ந்து கொடுக்கும். பாய் என்பது துணியன்று. தாளிப்பனை இனத்து ஓலையைச் சிறு சிறு சதுரங்களாக முடைந்து ஒன்றாகத் தைத்த செவ்வகம். இரு கால்களையுடைய பாய்மரத்தில் அதை ஏற்றுகிறார்கள். படகின் முன்முனையான அணியத்தில் மூங்கில்களாலான ஒரு மேடை கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். எறியீட்டி வீசுபவரான லமாஃபா அதன் நுனியில் நிற்பார். வெறும் கைவீச்சால் தடித்த தோலைத் துளைக்க முடியாது என்பதால்தான், ஈட்டியின் மூங்கில் காம்போடு தம் உடல் எடையையும் சேர்த்து அவர் பாய்கிறார். அவருக்குப் பின்னால் உதவியாள், துடுப்பு வலிப்போர், உள்ளே வரும் நீரை இறைப்பவர், பின்முனையான அமரத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் தனி இடமும் தனிப் பெயரும் உண்டு.

முதல் ஈட்டியோடு கட்டும் லியோ என்னும் கயிறு பருத்தி நூல் சேர்த்துத் திரிக்கப்படுவது. அதைக் குலத்தின் மூத்த வீட்டில் வைத்துப் பேணுகிறார்கள். தேனா ஒரு தனி மனிதரின் உடைமையன்று, குலத்தின் உடைமை. படகு பழுதாகி மரத்தை மாற்றினாலும், புதிதாகவே கட்டினாலும், பெயர் தொடர்கிறது. லமாஃபாவுக்கும் அவர் மனைவிக்கும் இடையே சண்டை தீராமல் இருந்தாலோ, குலத்துக்குள் பகை இருந்தாலோ, ஈட்டி குறி தவறும், கயிறு காலைச் சுற்றும் என்று உறுதியாக நம்புகிறார்கள். அதனால் கடலுக்குப் போகுமுன் பூசல்களைப் பேசித் தீர்த்துக்கொள்வது, படகுக்கு மெழுகுவதைப் போலவே பருவத் தொடக்கத்து வேலைகளுள் ஒன்றாக இருக்கிறது.

ஊரார் கத்தோலிக்கர். 1886இல் இங்கு முதல் திருமுழுக்குகள் நடந்தன. 1920இல் பெர்ன்ஹார்ட் போடே என்னும் ஜெர்மானிய அருட்தந்தை வந்து நிலையாகத் தங்கிய பின் ஊர் முழுவதும் சமயம் மாறியது. ஆயினும் பழைய முறை அழியவில்லை. பருவம் தொடங்குமுன், நிலத்தின் மூத்த குலத்தார் மலைச்சரிவிலுள்ள திமிங்கலக் கல்லுக்குச் சென்று இயே கெரெக் என்னும் அழைப்புச் சடங்கை நடத்துகிறார்கள். ஏப்ரல் 30 மாலையில், கடலில் மாண்டு உடல் திரும்பாதவர்களுக்காகக் கரையிலேயே திருப்பலி. அதன்பின் மெழுகுவர்த்திகளைக் கடலில் மிதக்க விடுகிறார்கள். மே 1 காலையில் பருவத்தைத் தொடங்கி வைக்கும் திருப்பலி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அங்கு யாரும் நினைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த முன்மாலை வழிபாட்டில் வாசிக்கப்படும் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் அங்கே அமர்ந்திருப்பவர்களில் ஓர் உறவு உண்டு. 1994 மார்ச்சில், ஈட்டி தைத்த திமிங்கலங்கள் படகுகளைத் திமோரை நோக்கி நாட்கணக்கில் இழுத்துச் சென்றுவிட்டன. அவ்வழியே வந்த ஒரு பயணிகள் கப்பல் ஒரு பகுதியினரை மீட்டிராவிட்டால் அந்தப் பட்டியல் மிகவும் நீண்டிருக்கும்.

யாழினி:

அருளப்பன் ஐயா கலத்தைப் பற்றி எழுதியதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. கரையிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து மலைக்கும் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். நான் தென்கிழக்காசிய நெசவுத் துணிகளை ஆராய்பவள். லமலேராவின் பெண்களைப் பற்றி எழுதாமல் அந்த ஊரைப் பற்றி எழுதுவது அரைகுறை என்றே கருதுகிறேன்.

ஒரு திமிங்கலம் கரைக்கு வந்ததும் அதை வெட்டுவதற்கு எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. எந்தத் துண்டு யாருக்கு என்பது முன்பே முடிவானது. படகில் பங்குரிமை உள்ள வீடுகள், அன்று கடலுக்குப் போன ஆட்கள், படகைக் கட்டிய தச்சர், ஈட்டி முனையை அடித்த கொல்லர், பாய் முடைந்தவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் உடலில் குறித்த பகுதி உரியது. தலையின் மேற்பகுதி, தொல்குடிகளான லாங்கோ ஃபூஜோ, துஃபாவோனா என்னும் இரு குலங்களுக்குப் போகும். வேட்டையில் முன்னிற்கும் பெருங்குலங்கள் பின்னர் வந்து குடியேறியவை என்பதால் நிலத்துக்கு அவர்கள் செலுத்தும் மரியாதை அது. பங்கு வாங்கியவர்கள் தங்கள் பங்கிலிருந்து உறவுக்கும் அண்டை வீட்டுக்கும் மறுபடி பிரித்துக் கொடுப்பதால், கடலுக்கு ஆள் அனுப்ப இயலாத விதவையின் வீட்டுக் கொடியிலும் இறைச்சி தொங்கும். கீற்றுகளாக அரிந்து மூங்கில் கழிகளில் வெயிலில் காயவிட்ட இறைச்சியிலிருந்து சொட்டும் எண்ணெயை அடியில் கலம் வைத்துப் பிடிக்கிறார்கள். தெருவெங்கும் அந்த நெடிதான். முதலில் தலை சுற்றும், போகப் போகப் பழகிவிடும்.

இறைச்சி மட்டும் இருந்தால் வயிறு நிறையாது. சோளமும் அரிசியும் வாழையும் கிழங்கும் விறகும் மலையூர்களில் உள்ளன. அவற்றைக் கொண்டுவருவது முழுக்க முழுக்கப் பெண்களின் பொறுப்பு. பெனெத்தே என்று அழைக்கப்படும் இந்தப் பண்டமாற்றுக்காக, உலர்ந்த திமிங்கலக் கீற்றுகளையும் திருக்கையையும், கடல்நீரைக் காய்ச்சி எடுத்த உப்பையும், பவளக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பையும் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, விடியுமுன் புறப்பட்டு, மலைப்பாதையில் ஊர் ஊராக ஏறுகிறார்கள். அங்கே பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வாடிக்கை வீடுகள் இருக்கும். வேட்டை பொய்த்த காலத்தில் அந்த வீடுகள் கடனாகச் சோளம் கொடுக்கும். மலையில் மழை பொய்த்தால் இவர்கள் இறைச்சியைக் கடனாகக் கொடுப்பார்கள். பண்டமாற்று என்றதும் ஏதோ பணம் அறியாத பழங்காலம் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. ரூபாய் அங்கு நெடுங்காலமாகப் புழங்குகிறது. பள்ளிக் கட்டணத்துக்கும் எரிபொருளுக்கும் மருந்துக்கும் அது தேவை. ஆனால் பணத்தின் மதிப்பு ஏறி இறங்கும்போதும், ஒரு கீற்று இறைச்சிக்கு ஒரு டஜன் சோளக்கதிர் அல்லது வாழைப்பழம் என்ற கணக்கு பெரிதாக அசைவதில்லை. வானத்தையும் கடலையும் நம்பி வாழ்பவர்களுக்கு அந்த உறுதி பெரிய ஆறுதல்.

ஊருக்குக் கிழக்கே வூலாண்டோனியில் சனிக்கிழமைதோறும் கூடும் சந்தையை உங்கள் இதழில் தவறாமல் குறிப்பிடுங்கள். மலைப்பெண்கள் ஒரு பக்கமும் கரைப்பெண்கள் மறுபக்கமுமாகச் சரக்கைப் பரப்பி அமர்ந்திருப்பார்கள். பேச்சு நடக்கும், பார்வை பண்டத்தை எடைபோடும், ஆனால் மாற்று மட்டும் நடக்காது. சந்தைப் பொறுப்பாளர் வரியை வசூலித்து, அதையும் பண்டமாகவே பெற்றுக்கொண்டு, ஊதலை ஊதுவார். அந்தக் கணத்தில் எல்லோரும் எழுந்து கலந்துவிடுவார்கள். நெய்தல் நிலத்து மீனும் உப்பும் பிற நிலத்து விளைச்சலுக்கு மாறியதை இலக்கிய வகுப்பில் படித்திருக்கும் மாணவர்கள், அது உயிரோடு நடப்பதை இங்கே காணலாம்.

இனித் துணி. லமலேராப் பெண்கள் நெய்யும் இக்காட், அதாவது நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயமிட்டு வடிவம் எடுக்கும் துணி, லமஹோலோட் மொழி பேசும் தீவுகளிலேயே தனித்துத் தெரியும். படகும் கொம்புத் திருக்கையும் (மாண்டா) திமிங்கலமும் அதில் வரிவரியாக வரும். நீலம் அவுரியிலிருந்தும், சிவப்பு நுணா இனத்து வேர்ப்பட்டையிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார் யானைத் தந்தம் கொடுக்க, பெண் வீட்டார் அதற்கு ஈடாக இத்துணியைக் கொடுப்பது மரபு. அந்தத் துணி கையால் நூற்ற பருத்தியிலும் இயற்கைச் சாயத்திலும் அமைந்திருக்க வேண்டும். மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது மிக உயர்ந்தது. யானையே இல்லாத தீவில் தந்தம் எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். பல நூற்றாண்டுக் கடல் வணிகம் கொண்டுவந்து சேர்த்தது அது. அதே வணிகத்தில் குஜராத்தின் பட்டோலாப் பட்டும் வந்தது. சில குலங்கள் அந்தப் பட்டோலாத் துண்டுகளை இன்றும் மூதாதையர் சொத்தாகக் காத்து வைத்திருக்கின்றன. மூன்று பட்டைத் துணியின் நடுப்பகுதி வடிவங்களைப் பார்த்தால் பட்டோலாவின் சாயல் கண்கூடு. ஒரு மூலையில் கிடக்கும் ஊர் என்று லமலேராவை எண்ணுபவர்கள் அந்தத் துணியின் முன் சிறிது நேரம் நின்றால் போதும்.

குமரவேல்:

மேலே எழுதிய இருவரின் அன்பும் உழைப்பும் எனக்குப் புரிகிறது. ஆனால் செந்தாமரை அவர்களின் கடைசிக் கேள்விக்கு, அதாவது சட்டத்துக்கும் உயிரினங்களுக்கும், இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. கடல்வாழ் உயிரியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எண்ணெய்த் திமிங்கலம் 14 முதல் 16 மாதங்கள் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். பெரிய கொம்புத் திருக்கையின் இனப்பெருக்கமும் மிக மெதுவானதே. ஓராண்டு போலச் சுமந்து ஒரு குட்டிதான். இத்தகைய உயிர்களை எந்தச் சமூகம் வேட்டையாடினாலும், அளவு சிறிது தவறினால், அவை மீள முடியாத நிலைக்கு வந்துவிடும். இந்தோனேசியாவில் 1999ஆம் ஆண்டின் அரசு ஒழுங்குமுறையின்படி திமிங்கலங்கள் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். 2014இல் கொம்புத் திருக்கைகளுக்கும் நாடு முழுவதும் முழுப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. பன்னாட்டுத் திமிங்கல ஆணையத்தில் இந்தோனேசியா உறுப்பினர் அன்று என்பதால் 1986 முதல் நடைமுறையில் உள்ள வணிக வேட்டைத் தடை அந்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்றாலும், உள்நாட்டுச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. திமிங்கல விஷயத்தில் லமலேராவை அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டுவைப்பதை உரிமை என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாகாது.

இன்னொன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே வெளிப்பொறி பூட்டிய சிறுபடகுகள் பெருகியிருக்கின்றன. திருக்கையையும் ஓங்கிலையும் (டால்பின்) அவற்றிலிருந்தே பிடிக்கிறார்கள். திமிங்கலம் தென்பட்டால் தேனாவைக் கயிறு கட்டி அருகே இழுத்துச் செல்வதும் அவையே. இயந்திரம் வந்தபின் பழைய கணக்குகள் பழைய கணக்குகளாக இருக்க முடியுமா?

செந்தாமரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குமரவேல் அவர்களின் வாதத்தையும் மாணவர்கள் முன் வைக்கத்தான் போகிறேன். இது குறித்து யாழினி அவர்களும் அருளப்பன் ஐயாவும் என்ன கருதுகிறார்கள்? மேலும், லெம்பாட்டாவின் பிற பகுதிகளைப் பற்றியும் சில வரிகள் கிடைத்தால், வரைபடத்தில் ஊரை மட்டும் புள்ளியாக வைத்துவிட்டுச் சுற்றிலும் வெறுமையாக விடாமல் இருக்கலாம்.

யாழினி:

குமரவேல் அவர்களே, உங்கள் கவலை நியாயமானது; திருக்கை விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, லமலேராவையும் லமகேராவையும் பலரும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். லமகேரா என்பது மேற்கே சோலோர்த் தீவிலுள்ள முஸ்லிம் ஊர். அவர்களும் பெருவேட்டைக்காரர்களே. ஆனால் கொம்புத் திருக்கையின் செவுளுக்குச் சீன மருத்துவச் சந்தையில் பெரும் விலை கிடைத்த காலத்தில், விசைப்படகு கொண்டு மிகுதியாகப் பிடித்தது அந்த ஊரில்தான். மாற்றுத் தொழிலுக்கான முயற்சிகளும் அங்குதான் அதிகம் நடந்துள்ளன. லமலேராவில் திமிங்கல இறைச்சி தீவின் எல்லையைத் தாண்டிப் போவதே அரிது. உண்பதற்கும் சோளமாக மாறுவதற்கும் பிடிப்பதற்கும், தொலைவிலுள்ள சந்தைக்குப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிட்டால் வாதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் நிலைக்காது.

இரண்டாவது, வெளியாரின் திட்டங்கள் குறித்து ஊரார் கொண்டிருக்கும் ஐயத்துக்குக் காரணம் உண்டு. 1973இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு, இந்த வேட்டையை நவீனப்படுத்துவதற்காக நார்வே நாட்டுத் திமிங்கல வேட்டை வல்லுநர் ஒருவரைக் கப்பலோடு இங்கு அனுப்பியது. அதிகமாகப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு காலத்தில் வந்தவர்கள், அடுத்த தலைமுறையில் பிடிக்கவே கூடாது என்று சொல்ல வந்தார்கள். 2009இல் லெம்பாட்டாவுக்குத் தெற்கேயுள்ள சவூக் கடலில் தேசியக் கடற்பூங்கா அறிவிக்கப்படவிருந்தபோது லமலேரா மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். லெம்பாட்டாவின் கடற்பகுதி அதன் எல்லைக்குள் சேர்க்கப்படவில்லை. 2014இல் பூங்கா முறைப்படி நிறுவப்பட்டபோதும் அப்படியேதான்.

நீலத் திமிங்கலத்தை அவர்கள் தொடுவதில்லை. தங்கள் முன்னோரைக் காத்த உயிர் என்று அதைப் போற்றுகிறார்கள். ஓராண்டில் கரைக்கு வரும் எண்ணெய்த் திமிங்கலங்களின் எண்ணிக்கை மிகவும் மாறுபடும். சில ஆண்டுகளில் கைவிரல்களில் அடங்கிவிடும். அதற்காக இயந்திரம் பற்றி நீங்கள் கேட்டதைத் தள்ளிவிட முடியாது. எல்லை எங்கே என்பதை முடிவு செய்யும் இடத்தில் ஊரின் மூத்தோரும் மலையூர்ப் பெண்களும் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. மலையூர்களைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. வேட்டை நின்றால் லமலேரா மட்டும் பசித்திருக்காது. அந்த இறைச்சியும் உப்பும் சுண்ணாம்பும் நம்பி வாழ்கிற ஊர்களும் தங்கள் அடுப்பை வேறு விதமாகக் கணக்குப் பார்க்க வேண்டிவரும்.

குமரவேல்:

லமகேரா பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். இறைச்சி எங்கே போகிறது என்பதைக் கொண்டு வேட்டையை எடைபோட வேண்டும் என்பதும் சரியே. என் கருத்தில் மாறாமல் நிற்பது ஒன்றுதான்: பொறிப்படகு கொண்டு ஓங்கிலையும் திருக்கையையும் பிடிப்பதைத் தேனாவின் மரபோடு சேர்த்துப் பேசலாகாது. மாணவர் இதழில் இரண்டையும் தனித்தனியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அருளப்பன்:

அம்மையார் வரைபடத்துக்குக் கேட்டதை எழுதி முடிக்கிறேன்.

லெம்பாட்டா ஃபுளோரெஸுக்குக் கிழக்கே சோலோர், அடோனாரா ஆகியவற்றை அடுத்து வரும் தீவு. பழைய வரைபடங்களில் லோம்ப்லென் என்று இருக்கும். பரப்பு ஏறத்தாழ 1,266 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,35,000 அளவில் இருந்தது. 1999இல் கிழக்கு ஃபுளோரெஸிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. தலைநகர் லெவோலேபா வடமேற்குக் கரையில் உள்ளது. தீவின் பெரும்பகுதியில் லமஹோலோட் கிளைமொழிகள் வழங்குகின்றன. கிழக்கு மூலையிலுள்ள கேடாங் பகுதியில் அதே பெயருடைய வேறு மொழி. அருகிலுள்ள சோலோரில் 1566இலேயே போர்ச்சுகீசிய தொமினிக்கன் துறவியர் கோட்டை கட்டியிருந்தனர். ஃபுளோரெஸின் முனையிலுள்ள லாரண்டுகாவில் புனித வாரச் சடங்குகள் போர்ச்சுகீசிய முறையில் இன்றும் நடக்கின்றன. 1859இல் இத்தீவுகளில் போர்ச்சுகல்லின் உரிமை நெதர்லாந்துக்குக் கைமாறியது.

இந்த நிலம் நிலையற்றது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். லமலேரா மக்கள் தங்கள் முன்னோர் சுலாவெசியின் லுவூ நாட்டிலிருந்து புறப்பட்டு, செராம், அம்போன் வழியாக வந்து, லெம்பாட்டாவுக்குக் கிழக்கே லேபான், பாத்தான் என்னும் தீவுகளில் வாழ்ந்து, கடல் பொங்கி அவற்றை அழித்ததால் இங்கு வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். நீங்கள் கேட்ட 'ஏன் இந்தச் சரிவில் குடியேறினார்கள்' என்பதற்கு ஊரின் விடை அதுதான்: நல்ல நிலங்களில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தனர், வந்தவர்களுக்குக் கரையும் கடலும் தான் மிச்சம். கடல் பொங்குவது அங்கே வெறும் பழங்கதையும் அன்று. 1979 ஜூலை 18 அன்று தென்கரையில் மலைச்சரிவு ஒன்று அப்படியே பெயர்ந்து கடலில் விழுந்து எழுப்பிய பேரலை, வைத்தேபா என்னும் ஊரை அழித்து 500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வடக்கே இலே லெவோதொலோக் எரிமலை 2020 நவம்பர் 29 அன்று வெடித்ததில் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினர். அடுத்த ஏப்ரலில் செரோஜா புயலின் மழை அதே மலையின் சாம்பலையும் பாறையையும் அடித்துக்கொண்டு இறங்கி அடிவார ஊர்களை மூடியது. ஒரே மலை ஐந்து மாதத்துக்குள் இருமுறை அந்த மக்களைப் பெயர்த்தது.

வெளியூர் செல்வதும் இந்தப் பகுதியின் வாழ்வுதான். லமஹோலோட் இளைஞர்கள் மலேசியாவின் சபா மாநிலத்துக்குத் தோட்ட வேலைக்குப் போய்ப் பணம் அனுப்புகிறார்கள். லமலேராவில் மறைப்பள்ளி முன்னதாகவே வந்துவிட்டதால் அங்கிருந்து ஆசிரியர்களும் குருக்களும் அறிஞர்களும் நிறையப் புறப்பட்டனர். இந்தோனேசிய மொழிக்குப் புகழ்பெற்ற இலக்கண நூல் எழுதிய கோரிஸ் கெராஃப் இவ்வூர்க்காரர். தம் முனைவர் பட்டத்துக்கு லமலேராக் கிளைமொழியையே ஆராய்ந்தார். 1999 முதல் 2001 வரை நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த சோனி கெராஃபும் லமலேராவில் பிறந்தவரே. குமரவேல் அவர்களுக்கும் யாழினி அவர்களுக்கும் இடையே நடக்கும் இந்த விவாதம் அந்த ஊரின் வீடுகளுக்குள்ளேயும் நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

போகும் வழி: கூப்பாங்கிலிருந்து லெவோலேபாவுக்குச் சிறு விமானம் உண்டு, லாரண்டுகாவிலிருந்து அடோனாராவின் வைவேராங் துறை வழியாகப் படகும் உண்டு. லெவோலேபாவிலிருந்து லமலேரா தொலைவால் அதிகமில்லை. ஆனால் மலைச்சாலை மோசமானது, இருக்கைப் பலகை போட்ட லாரியில் பல மணி நேரம் ஆகும். வரைபடத்தில் லெவோலேபா, லமலேரா, வூலாண்டோனி, லபலேகாங், இலே லெவோதொலோக், கேடாங், வைத்தேபா ஆகிய ஏழையும் குறியுங்கள். மலையூர்களிலிருந்து வூலாண்டோனிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைகளையும் கோடிட்டுக் காட்டினால் யாழினி அவர்கள் எழுதியது மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். படம் தயாரானதும் இங்கேயே பதிவிடுங்கள். பெயர்களின் ஒலிப்பைச் சரிபார்த்துத் தருகிறேன்.